கல்லூரி வளாகத்தில் சங்கிலிக் கூடைகள்: யார் ஆடலாம், எதை வைத்து ஆடலாம்?

கேள்வி கேட்டவர் முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன என்கிறார். விடுதியிலிருந்து ஆய்வகத்துக்குப் போகும் வழியில், மரங்களுக்கிடையே இரும்புக் கம்பங்களில் சங்கிலிகள் தொங்கும் கூடைகளைப் பார்க்கிறார். மாலையில் சிலர் தட்டுகளை எறிந்துகொண்டே நடந்து போகிறார்கள். டிஸ்க் கோல்ஃப் என்ற ஆட்டம் அது: டிஸ்க் எனப்படும் தட்டைக் குறைந்த எறிகளில் கூடைக்குள் சேர்க்க வேண்டும். சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ (தட்டை எறிந்து பிடித்து ஆடும் குழு ஆட்டம்) ஆடிய பழக்கம் இவருக்கு உண்டு. அந்தத் தட்டையே வைத்து இதையும் ஆடலாமா, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா, தனியாகப் போனால் வினோதமாகப் பார்ப்பார்களா என்று கேட்கிறார். இடையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நடைபாதையில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கிறது, அதுதான் தயக்கமாக இருக்கிறது." உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. நாலு பேர் நடமாடும் இடத்தில், எவருக்கும் ஆபத்து இல்லாமல், ஊருக்குப் புதியவர் ஒருவர் இந்த ஆட்டத்தை எப்படித் தொடங்குவது? அதற்குத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன். மற்ற சந்தேகங்களுக்கான விடை போகிற போக்கில் வந்துவிடும்.

மாணவனாகவும் பிறகு பல்கலைக்கழக ஊழியனாகவும் இந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகளாக வளாகக் களங்களில் ஆடிவருகிறேன். புதிதாக வருகிற மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. போட்டி ஆட்டக்காரன் அல்லன். ஆகவே நான் சொல்வதெல்லாம் மாலை நேரத்தில் பொழுதுபோக்காக ஆடுபவருக்கானது. பரிசுக்காக ஆடுபவருக்கு வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

அனுமதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உள்ள டிஸ்க் கோல்ஃப் களங்களில் மிகப் பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில், கட்டணமில்லாமல் திறந்துகிடப்பவை. வளாகக் களமும் பெரும்பாலும் அப்படித்தான். அடையாள அட்டை கேட்கும் வாசல் இருக்காது, டிக்கெட் கொடுக்கும் கூண்டும் இருக்காது. நீங்கள் அங்கே படிக்கும் மாணவர் என்பதால் உரிமையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் எந்த நேரத்தில் ஆடலாம், விழா நாட்களில் களத்தை மூடுகிறார்களா, புல்வெளிப் பராமரிப்பின்போது எந்தக் கூடையை எடுத்துவிடுகிறார்கள் என்பவை இடத்துக்கு இடம் மாறும். இவற்றை உங்கள் பல்கலைக்கழகத்தின் பொழுதுபோக்கு விளையாட்டு மையத்தில் கேட்பதே சரி. கேட்கப் போகும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள்: பல மையங்கள் மாணவர்களுக்கு டிஸ்க்குகளை இரவலாகவே தருகின்றன. களத்தின் வரைபடம் யூடிஸ்க் என்ற செயலியில் இருக்கக்கூடும். எந்த ஹோல் (ஒரு தொடக்க மேடையிலிருந்து அதற்குரிய கூடைவரை உள்ள பகுதி) எங்கே தொடங்குகிறது, கூடை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். புதியவர்கள் கூடையை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த ஹோலின் தொடக்க மேடை எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் சுற்றிச்சுற்றி வருவார்கள்.

வளாகத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு கூடைகளைவிடப் பழையது. இதை முதலில் தொடங்கியது யார் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 1960களில் ஒருவரையொருவர் அறியாத பலர் பல ஊர்களில் தாங்களாகவே தொடங்கியிருக்கிறார்கள். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 1964லேயே மரங்களை இலக்காக வைத்துப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவின் ஒரு பூங்காவில் குப்பைப் பீப்பாய்களுக்குள் எறிந்திருக்கிறார்கள். இன்று நாம் காணும் வடிவத்தைக் கொடுத்தவர் எட் ஹெட்ரிக் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. வாம்‑ஓ நிறுவனத்தில் இருந்தபோது ஃபிரிஸ்பீயின் மேற்பரப்பில் வளைய வரிகளைச் சேர்த்து அதை நிலையாகப் பறக்கவைத்தவர் அவர். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களம் அமைந்தது. முதலில் அங்கே வெறும் கம்பங்கள்தான் இலக்கு. தட்டு கம்பத்தைத் தொட்டதா, உரசாமல் போனதா என்று ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் வந்தது. அந்த வாக்குவாதத்துக்கு முடிவு கட்டியது சங்கிலிக் கூடை. 1977இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. 2002இல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே, அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். வாழ்நாள் முழுவதும் ஒரு காரியத்தை நேசித்த மனிதர் என்று இவரைத் தயங்காமல் சொல்லலாம்.

கூடை இல்லாத வளாகங்களில் மாணவர்கள் இன்றும் விளக்குக் கம்பத்தையும் மரத்தையும் இலக்காக வைத்து ஆடுகிறார்கள். ஒன்று மட்டும் வேண்டுகோளாகச் சொல்கிறேன். கட்டடச் சுவர், கண்ணாடிக் கதவு, சிலை, இளங்கன்று ஆகியவற்றை இலக்காக வைக்காதீர்கள். 175 கிராம் எடையுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் விளிம்பு பட்டுக்கொண்டே இருந்தால் மரப்பட்டை உரிந்துவிடும். கூடைக்கு வழிவிட்டு நிற்கும் மரங்களின் முன்பக்கம் தழும்பேறிக் கிடப்பதை எந்தப் பழைய களத்திலும் பார்க்கலாம்.

இப்போது அந்த நடைபாதைக்கு வருவோம். வளாகத்தில் ஆடுபவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய முதல் விதி, நடப்பவருக்கே முன்னுரிமை என்பது. அவருக்கு நீங்கள் ஆடிக்கொண்டிருப்பதே தெரியாது. காதில் ஒலிக்கருவி இருக்கும், கண் கைப்பேசியில் இருக்கும். "நான் எச்சரித்தேனே" என்று பிறகு சொல்வதில் பயனில்லை. ஆகவே உங்கள் டிஸ்க் போய்ச் சேரக்கூடிய பரப்பு முழுவதும் காலியாக இருந்தால் மட்டுமே எறிய வேண்டும். நீங்கள் குறிவைத்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. தவறினால் எங்கே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னே வர, எறியும் டிஸ்க் கடைசியில் இடப்பக்கம் சரியும். தொடக்கக்காரர் கையை முன்கூட்டியே விட்டுவிட்டாலும் இடப்பக்கம் போகும், பிந்தி விட்டால் வலப்பக்கம் பாயும். எனவே இலக்கின் இரு பக்கங்களிலும் அகலமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத பகுதி இருந்தால் கூட்டாளி ஒருவரை முன்னே அனுப்பி, அவர் கையசைத்த பிறகு எறியுங்கள். எறிந்த டிஸ்க் யாரையாவது நோக்கிப் போகிறது என்று தெரிந்த அந்தக் கணமே "ஃபோர்!" என்று உரக்கக் கத்துங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க அது நேரமல்ல. எவருக்காவது பட்டால் யார் பொறுப்பு, காப்பீடு என்ன சொல்லும் என்பதெல்லாம் சட்டம் படித்தவர் சொல்ல வேண்டியவை. படாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

எந்த வளாகத்திலும் காணக்கூடிய ஒரு ஹோலை எடுத்துக்கொள்வோம். தொடக்க மேடையிலிருந்து கூடைக்கு 220 அடி. இடப்பக்கம் விடுதிக் கட்டடம், வலப்பக்கம் வரிசையாக மரங்கள். ஏறத்தாழ 150 அடியில் ஒரு நடைபாதை குறுக்காகப் போகிறது. கூடை அதற்கு அப்பால், சிறு சரிவின் மேல் இருக்கிறது. வேகமான டிரைவரை (நெடுந்தூரம் எறிவதற்கான டிஸ்க்) எடுத்து ஒரே வீச்சில் கூடைப் பக்கம் போய்விடலாம் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அந்த எறி இடப்பக்கம் சரிந்தால் விடுதி ஜன்னல், சரியாமல் தாழ்ந்தால் நடைபாதையில் போகிறவரின் கணுக்கால். அதற்குப் பதில் புட்டரை (மெதுவாகப் பறக்கும், குறுந்தூர டிஸ்க்) எடுத்து நிதானமாக 130 அடிக்கு எறியுங்கள். பாதைக்கு இப்பாலேயே விழும். நடந்துபோய், பாதை காலியாகும்வரை நின்று, மீதி 90 அடியை இன்னொரு முறை மெதுவாக எறிந்தால் டிஸ்க் கூடையடியில் கிடக்கும். மூன்றாவது எறி சங்கிலியில். மூன்றில் முடித்தாயிற்று, சாதாரணக் களங்களில் ஏறக்குறைய எல்லா ஹோல்களுக்கும் மூன்று எறிகளே இலக்கு. பலத்தைக் காட்டியவர் புதரில் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுத்த ஹோலுக்குப் போயிருப்பீர்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். இங்கே பெரும்பாலான வகுப்புகள் 50 நிமிடம் நடந்து, பத்து நிமிட இடைவெளி விட்டு அடுத்தது தொடங்கும். அந்தப் பத்து நிமிடத்தில் வளாகம் முழுவதும் பாதைகளில்தான் இருக்கும். அப்போது எறிய முயலாதீர்கள். கூடையருகே நின்று குறுந்தூரத்தில் எறியும் புட்டிங் பழகுங்கள், அல்லது உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். ஞாயிறு காலை, வெள்ளி மாலை, விடுமுறை வாரங்கள் ஆகியவைதான் வளாகக் களம் உண்மையில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

அடுத்தது, அல்டிமேட் தட்டு. தாராளமாக அதை வைத்தே தொடங்கலாம். அதுவும் 175 கிராம்தான், ஆனால் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. கோல்ஃப் டிஸ்க்குகள் பெரும்பாலும் 21 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். எடை கிட்டத்தட்ட அதேதான். அது சிறிய வட்டத்தில், கூர்மையான விளிம்பில் குவிந்திருக்கிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதும் அதனால்தான், பட்டால் வலிப்பதும் அதனால்தான். 1983இல் இன்னோவா நிறுவனம் சரிவான விளிம்புகொண்ட ஈகிள் என்ற டிஸ்க்கைக் கொண்டுவந்த பிறகே கோல்ஃப் டிஸ்க்குகள் ஃபிரிஸ்பீயிலிருந்து தனிப் பாதையில் போயின. அல்டிமேட் தட்டு நடுவழியில் மிதக்கும், காற்று அடித்தால் அலைக்கழியும். கூடைச் சங்கிலியில் பட்டால் சிக்கி நிற்பதைவிடத் துள்ளி வெளியே விழுவதே அதிகம். ஆனால் மனிதர்கள் நடமாடும் இடத்தில் அந்த மெத்தனம் ஒரு நன்மை. கடற்கரையில் பழகிய பேக்ஹேண்டும் ஃபோர்ஹேண்டும் (உள்ளங்கை முன்னே வர எறிவது) அப்படியே இங்கே உதவும். மற்றவர்களுக்குச் சுழற்சி கைவரவே மாதக்கணக்கில் ஆகிறது. உங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.

சில நாட்களில் இந்த ஆட்டம் பிடித்துப்போனால் ஒரு புட்டரும், நடுத்தரத் தூரத்துக்கான ஒரு மிட்ரேஞ்சும் வாங்குங்கள். சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஒரு டிஸ்க் பத்து டாலரை ஒட்டி இருக்கும், உயர்தரப் பிளாஸ்டிக் இருபது டாலர்வரை போகும். பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் போன்ற பழைய விளையாட்டுப் பொருள் கடைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். புட்டருக்கு விலை குறைந்த பிளாஸ்டிக்கே நல்லது. கையில் பிடிமானமாக இருக்கும், சங்கிலியில் பட்டால் வழுக்காமல் நிற்கும். மரங்களில் மோதும் மிட்ரேஞ்சுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் நெடுநாள் தாங்கும். முதல் ஆண்டில் டிரைவர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இதை மறுப்பவர்கள் உண்டு. வேகமான டிஸ்க்கோடு போராடித்தான் தோள் வேகம் வரும் என்பார்கள். நான் கற்றுக்கொடுத்தவரையில் நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறேன். டிரைவரில் தொடங்கியவர்கள் அது சரிவதை ஈடுகட்டக் கையைத் திருகப் பழகிவிடுகிறார்கள், அந்தத் திருகலை மறப்பது பெரும்பாடு. புட்டர் எதையும் மறைக்காது. எறிந்தது கோணலாக இருந்தால் அந்த நொடியே ஆட்டங்கண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

புட்டர் என்றால் கூடையருகே மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2021இல் யூட்டா மாநிலம் ஆக்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் கடைசி ஹோலில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தொலைவிலிருந்து எறிந்த டிஸ்க் நேராகச் சங்கிலியில் போய் விழுந்தது. அதனால் பால் மெக்பெத்துடன் சமநிலை ஆகி, சமநிலையைத் தீர்க்க ஆடிய கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் வென்றார். இந்த ஆட்டத்தில் மிக அதிகம் பேசப்பட்ட எறி அதுதான். அவர் கையிலிருந்தது என்வி என்ற புட்டர்.

கடைக்குப் போனால் டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பதைக் காண்பீர்கள். உதாரணமாக, இன்னோவாவின் ஏவியார் என்ற புட்டரில் 2, 3, 0, 1. டெஸ்ட்ராயர் என்ற டிரைவரில் 12, 5, -1, 3. முதல் எண் அது சரியாகப் பறக்கத் தேவையான வேகம், இரண்டாவது மிதக்கும் தன்மை, மூன்றாவது வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்பும் போக்கு, நான்காவது வேகம் தணியும்போது இடப்பக்கம் சரியும் போக்கு. இவை வலக்கைப் பேக்ஹேண்டுக்கான கணக்கு; இடக்கைக்காரருக்கும் வலக்கை ஃபோர்ஹேண்டுக்கும் திசை மாறும். இந்த எண்கள் உற்பத்தியாளரே போட்டுக்கொள்பவை, பொதுவான ஆய்வகம் ஒன்று அளந்து சொல்பவை அல்ல. ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 5 ஆக இருக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தின் டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் அவை நம்பகமானவை. 12 என்ற எண்ணைப் பார்த்து அது தூரம் போகும் என்று முடிவு செய்யாதீர்கள். அந்த வேகத்தில் எறிய முடிந்தவருக்குத்தான் அது தூரம் போகும். மற்றவர் கையில் அது நூறடிக்குள் இடப்பக்கம் குத்திட்டு விழும்.

ஏன் அப்படிச் சரிகிறது என்று பொறியியல் மாணவர்கள் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். சுற்றும் பம்பரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது தள்ளிய திசையில் சாயாமல் வேறு திசையில் சாய்கிறது அல்லவா, இங்கேயும் அதே இயற்பியல். வேகம் குறையக் குறைய டிஸ்க் கீழிறங்கத் தொடங்குகிறது. காற்று அதன் அடிப்பக்கத்தில் கூடுதல் கோணத்தில் மோதுகிறது, தூக்குவிசையின் மையம் முன்பக்கம் நகர்கிறது, மூக்கை, அதாவது முன்விளிம்பை, மேலே தூக்கப் பார்க்கிறது. டிஸ்க் மேலிருந்து பார்க்கையில் கடிகாரச் சுற்றில் சுழல்வதால், மூக்கு எழுவதற்குப் பதில் உடல் இடப்பக்கம் சாய்கிறது. வேகம் மிகுந்திருக்கும் தொடக்கத்தில் விசையின் மையம் பின்னால் இருந்தால் இதே காரணத்தால் வலப்பக்கம் சாயும். இது தெரிந்துவிட்டால், காற்றைப் பார்த்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது எளிது. எதிர்க்காற்றில் டிஸ்க்குக்குத் தன் உண்மை வேகத்தைவிட அதிக வேகத்தில் போவதுபோன்ற நிலை ஏற்படும், ஆகவே வலப்பக்கம் திரும்பும். பின்காற்றில் நேர்மாறு.

எறியும் முறையைப் பற்றி எழுத்தில் ஓரளவுக்குத்தான் சொல்ல முடியும். தொடக்கத்தில் ஓடிவந்து எறியாதீர்கள், நின்றே எறியுங்கள். வலத்தோள் இலக்கை நோக்கி இருக்கட்டும். டிஸ்க்கை மார்புக்கு அருகில் நேர்கோட்டில் பின்னே கொண்டுபோய் அதே கோட்டில் முன்னே இழுங்கள். உடலைச் சுற்றி அரைவட்டமாகக் கொண்டுவந்தால் எப்போது விடுவது என்பதே சூதாட்டமாகிவிடும். இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், தோளும் கையும் அதைத் தொடர வேண்டும். தொடக்கக்காரர்களின் தூரத்தை மிக அதிகமாகத் தின்பது டிஸ்க்கின் மூக்கு மேல்நோக்கி இருப்பதுதான். உயரமாக எழுந்து, தயங்கி, இடப்பக்கம் விழுந்தால் காரணம் அதுவே. பெருவிரலை விளிம்பின் மேல் சற்று முன்னோக்கி அழுத்தி, மணிக்கட்டைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தாழ்த்தினால் மூக்கு தாழும். அல்டிமேட் ஆடியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எதிரே பிடிப்பவர் இருப்பதாக எண்ணிக் கையை மென்மையாக நிறுத்திவிடுவார்கள். இங்கே பிடிப்பவர் இல்லை; எறிந்த பிறகு உடல் முழுச் சுற்றாகத் திரும்ப விடுங்கள், இல்லாவிட்டால் அந்த அடி முழுவதும் முழங்கையில் இறங்கும். முழங்கையிலோ தோளிலோ வலி தங்கினால் எறிவதை நிறுத்திவிட்டு மாணவர் மருத்துவ மையத்துக்குப் போங்கள். அதை முறை மாற்றிச் சரிசெய்ய முயல வேண்டாம்.

எறிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது தூரம் எறிவதல்ல, புட்டிங். கூடையிலிருந்து 15 அடியில் நின்று, கம்பத்தை ஒட்டியிருக்கும் சங்கிலி இணைப்புகளில் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். 'கூடை' என்று பொத்தாம்பொதுவாகக் குறிவைத்தால் டிஸ்க்கும் பொத்தாம்பொதுவாகத்தான் போகும். வலக்கைக்காரரின் டிஸ்க் கம்பத்துக்குச் சற்று வலப்பக்கம் பட்டால், அதன் சுழற்சி அதைச் சங்கிலிக்குள் இழுத்துக்கொள்ளும். இடப்பக்க ஓரத்தில் பட்டால் பல சமயம் வழுக்கி வெளியேறும். வகுப்புக்குப் போகும் வழியில் தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தால் இரண்டு மாதத்தில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

விதிகளில் பொழுதுபோக்கு ஆட்டத்துக்குத் தேவையானவை மிகச் சில. டிஸ்க் கிடந்த இடத்துக்குப் பின்னால் நின்று அடுத்ததை எறிய வேண்டும். கூடையிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பவர் முதலில் எறிவார். கூடைக்கு 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் எறிந்துவிட்டுத் தடுமாறி முன்னே கால் வைக்கக் கூடாது; நிலையாக நின்ற பிறகே நகர வேண்டும். எல்லைக்கு வெளியே போனால் ஓர் எறி தண்டனை. சங்கிலியிலோ கூடைத் தட்டிலோ தங்கியிருந்தால் ஹோல் முடிந்தது. கூடையின் உச்சியில் போய் உட்கார்ந்தால் கணக்கில் வராது. வளாகத்தில் சாலை, வாகன நிறுத்தம், கட்டடக் கூரை ஆகியவற்றை எல்லைக்கு வெளியே என்று வைத்துக்கொள்வது வழக்கம். கூரையில் விழுந்ததை எடுக்க ஏறாதீர்கள். கட்டடப் பராமரிப்பாளர்களிடம் சொன்னால் எடுத்துக்கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பத்து டாலர் போனதென்று விட்டுவிடுங்கள்.

வாங்கிய அன்றே டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் அழியாத மையில் கைப்பேசி எண்ணை எழுதிவைத்துவிடுங்கள். இந்த ஆட்டக்காரர்களிடம் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் இது. புதரில் கிடைத்த டிஸ்க்கில் எண் இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள். உங்களுக்குக் கிடைத்தால் நீங்களும் கூப்பிடுங்கள். தேடும்போது தரையைப் பாருங்கள். நாட்டின் கிழக்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் காட்டோரங்களில் பாய்சன் ஐவி என்ற கொடி பரவிக்கிடக்கும். ஒரு காம்பில் மூன்று இலைகள், நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளமும் அரிப்பும் பல நாள் படுத்தும். அந்த எண்ணெய் டிஸ்க்கின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வந்து கையில் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. புதருக்குள் போன டிஸ்க்கை வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையையும் கழுவுங்கள். வெயில் காலத்தில் உயரமான புல்லுக்குள் போய்வந்தால் முழங்காலுக்குப் பின்னாலும் காலுறை ஓரத்திலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இங்குள்ள சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. பனிக்காலத்திலும் ஆடலாம்; டிஸ்க் பனிக்குள் புதைந்து மறைந்துவிடும் என்பதால் அடியில் நீளமான நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுவார்கள்.

வளாகக் களம் என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். தென் கரோலினாவில் ராக் ஹில் என்ற ஊரில் உள்ள வின்த்ரோப் பல்கலைக்கழகத்தின் ஏரிக்கரையில்தான் 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன் போட்டி நடக்கிறது. முதல் பட்டத்தை வென்றவர் கென் க்ளைமோ. அங்கே எல்லையைக் காட்ட மஞ்சள் கயிறுகளைத் தரையில் விரித்துவிடுவார்கள். மரம் குறைந்த புல்வெளியையே அந்தக் கயிறுகள் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் திணறடிக்கும் களமாக்கிவிடுகின்றன. கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிய 17ஆவது ஹோலில் முன்னணியில் இருந்தவர்கள் நிலைகுலைந்ததுண்டு. தூரத்தைவிடக் கட்டுப்பாட்டுக்கு அங்கே விலை அதிகம். உங்கள் வளாகத்து நடைபாதையையும் அப்படி ஒரு மஞ்சள் கயிறாக நினைத்து ஆடலாம்: அதைத் தொட்டால் ஓர் எறி தண்டனை என்று நண்பர்களுக்குள் வைத்துக்கொண்டால் எல்லோரும் தாமாகவே நிதானமாக எறிவார்கள்.

கடைசியாக, தனியாகப் போவது. எவரும் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். தனியாக ஆடுவது இந்த ஆட்டத்தில் மிகச் சாதாரணம், பாதிப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பின்னால் ஒரு குழு உங்களைவிட வேகமாக வந்தால், கூடையருகே ஒதுங்கி நின்று "நீங்கள் முன்னே போங்கள்" என்று சொல்லுங்கள். முன்னால் இருப்பவர்கள் கூடையைவிட்டு நகரும்வரை நீங்கள் எறிய வேண்டாம். அவர்கள் திரும்பிப் பார்த்து "சேர்ந்து ஆடுகிறீர்களா?" என்று கேட்பது அடிக்கடி நடக்கும், கேட்டால் தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள். எந்த ஹோலில் எந்தப் பக்கம் ஆள் வருவார்கள், எந்த மரத்தடியில் டிஸ்க் தொலையும் என்பதை அவர்களோடு ஒரு சுற்று நடந்தாலே தெரிந்துகொள்வீர்கள். நான் இங்கே எழுதியதைவிட அது உங்கள் களத்துக்குப் பொருத்தமாக இருக்கும். இந்த ஞாயிறு காலை ஒன்பது மணிவாக்கில் அல்டிமேட் தட்டோடு போங்கள். உங்கள் களத்தில் எத்தனை ஹோல், நடைபாதை எங்கே குறுக்கிடுகிறது என்று இங்கே எழுதினால், எந்த ஹோலில் தொடங்குவது பாதுகாப்பு என்று என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.